பழைய பைபர் வள்ளத்துக்கு இரட்டை அவுட்போர்டு இன்ஜின் தேர்ந்தெடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களில், ஒரே வள்ளத்தின் அமரத்தில் (பின்முனையில்) இரண்டு அவுட்போர்டு இன்ஜின்கள் (வெளியே மாட்டும் இன்ஜின்கள்) அருகருகே தொங்குவது இன்று யாரும் திரும்பிப் பார்க்கும் காட்சி அன்று. ஆனால் அந்த இரண்டு இன்ஜின்களைச் சுமக்கும் வள்ளங்களில் கணிசமானவை 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டப்பட்டு, நிவாரணமாகவும் கடனாகவும் கரைக்கு வந்து, இப்போது இருபது வயதைக் கடந்துவிட்டவை. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றின் தரம் குறித்து அப்போதே கேள்விகள் எழுந்தன என்பதும், சுமார் 10 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை இன்ஜினை மட்டும் கணக்கில் வைத்தே அவற்றில் பெரும்பகுதி கட்டப்பட்டன என்பதும், இன்ஜின் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் நினைவில் கொள்ள வேண்டியவை. கடைக்குப் போய் 25 வாங்குவதா, 40 வாங்குவதா என்று கேட்பதற்கு முன்பு, வள்ளத்தின் பின்பலகை (இன்ஜின் மாட்டும் பின்சுவர்) எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பின்பலகை சொல்லும் பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது இன்ஜின் எதற்கு என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வேகம் கூடும் என்பதற்காக மட்டும் இரண்டு பொருத்துவது லாபமான முடிவு அல்ல. 50 குதிரைத்திறன் கொண்ட ஓர் இன்ஜினும் 25 கொண்ட இரண்டும் காகிதத்தில் சமம்; தண்ணீரில் சமம் இல்லை. இரண்டு இன்ஜின்களின் கால்கள் (நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதிகள்) இழுபடுவதால் எதிர்ப்பு கூடுகிறது, எடை கூடுகிறது, எண்ணெய் மாற்றுவது முதல் இம்பெல்லர் (குளிரூட்டும் நீரை இறைக்கும் சக்கரம்) மாற்றுவது வரை எல்லாச் செலவும் இரட்டிப்பாகிறது. இவ்வளவையும் கொடுத்து நாம் வாங்குவது ஒன்றே ஒன்றுதான்: ஓர் இன்ஜின் நின்றாலும் கரை சேர்வது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை மடிந்து விழும்போது நுழைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அந்த இடத்தில் இன்ஜின் ஒரு நிமிடம் நின்றால் வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

கரையிலிருந்து நான்கைந்து கடல்மைலுக்குள், மற்ற வள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நல்ல காலநிலையில் மட்டும் தொழில் செய்பவருக்கு ஒரே அளவில் இரண்டு இன்ஜின்கள் அவசியமில்லை என்பது என் கருத்து. நல்ல நிலையில் உள்ள முதன்மை இன்ஜின் ஒன்றும், கூடவே 9.9 குதிரைத்திறன் கொண்ட சிறிய மாற்று இன்ஜின் ஒன்றும் அவருக்குப் போதும். இரட்டை இன்ஜின் என்ற யோசனை பொருள்படுவது இருபது முப்பது கடல்மைல் வெளியே போய் வருபவருக்கும், இரவுத் தங்கல் தொழில் செய்பவருக்கும், முகத்துவாரத்தைத் தினமும் கடக்க வேண்டியவருக்கும்தான்.

பின்பலகையைச் சோதிப்பது

பைபர் வள்ளத்தின் பின்பலகை பொதுவாக வெளியே ஒரு பைபர் அடுக்கு, நடுவில் பிளைவுட், உள்ளே மற்றொரு பைபர் அடுக்கு என்ற அமைப்பில் இருக்கும். பைபர் அழுகாது, நடுவில் உள்ள பிளைவுட் அழுகும். போல்ட் துளை வழியாகவும், மேல் விளிம்பில் பைபர் விரிந்த இடத்தின் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் கூழாகிக்கொண்டிருக்கும்.

அவுட்போர்டு இன்ஜின் பின்பலகையில் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும். தள்ளுவிசை பிறப்பது கீழே, தண்ணீருக்குள் சுழலும் புரொப்பெல்லரில். அது முன்னோக்கித் தள்ளும்போது பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பின்பலகையை அழுத்துகிறது. மேல்பகுதி பின்பலகையைப் பின்னோக்கிப் பிய்க்கப் பார்க்கிறது. ஆகவே பிய்க்கும் சுமை முழுவதும் மேல் போல்ட்டுகளின் மீதும் அவற்றைச் சுற்றியுள்ள மரத்தின் மீதும் விழுகிறது. ஓர் இன்ஜினுக்கு மையத்தில் விழுந்த இந்தச் சுமை, இரண்டு வந்தவுடன் இருபுறமும் பிரிந்து, இதுவரை எதையும் தாங்கிப் பழகாத பலகைப் பகுதிகளில் போய் விழும். நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் சுழலும் நீள்வால் டீசல் இன்ஜின் வைத்திருந்த வள்ளமாக இருந்தால் நிலைமை இன்னும் வேறு. அந்த இன்ஜினின் எடையைச் சுமந்தது பெரும்பாலும் உள்ளே இருந்த தாங்குசட்டம்தான். அப்படிப்பட்ட வள்ளத்தின் பின்பலகை அவுட்போர்டு இன்ஜினின் முறுக்கை இதுவரை சந்தித்ததே இல்லை என்றுதான் கருத வேண்டும்.

சிறிய சுத்தியலின் பிடியாலோ ஒரு நாணயத்தாலோ பின்பலகை முழுவதையும் நான்கு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வரவும். நல்ல இடத்தில் ஓசை கூர்மையாக, கெட்டியாகக் கேட்கும். மரம் பிரிந்த அல்லது ஊறிய இடத்தில் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, உள்பக்கமாக, கீழ்ப்பகுதியில் ஒரு சிறிய துளை போட்டுப் பார்க்கலாம். துரப்பணத்தில் வெளிவரும் மரத்தூள் வெளிறிய நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் நிம்மதி. கறுத்து, ஈரமாகத் துரப்பண முனையில் ஒட்டிக்கொண்டு, புளித்த வாடை வந்தால் அந்தப் பின்பலகையில் எந்த இன்ஜினையும் மாட்டக் கூடாது. இன்னொரு சோதனைக்கு இருக்கும் இன்ஜினே போதும்: அதைத் தூக்கிய நிலையில் வைத்து, கீழ்க்காலில் ஒருவர் உடல் எடையைச் சாய்த்து மேலும் கீழும் அசைக்கும்போது, மற்றொருவர் உள்ளே அமர்ந்து பின்பலகையின் மேல் விளிம்பையும், அது பக்கச்சுவரோடு சேரும் மூலைகளையும் கவனிக்கட்டும். மூலையில் மயிரிழை போன்ற விரிசல் திறந்து மூடினால், அது பெயின்ட் விரிசல் அல்ல.

அழுகிய பின்பலகையின் உள்ளீட்டை முழுவதும் சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மேலே ஒரு பலகையை வைத்து போல்ட் போட்டு இறுக்குவது பல கரைகளில் நடக்கிறது, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே வைக்கும் பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். வீட்டு அலமாரிக்குப் பயன்படும் வணிகப் பிளைவுட் கடலில் சில பருவங்களைக்கூடத் தாங்காது. 25 குதிரைத்திறன் இரண்டு தொங்கப்போகும் பின்பலகை மொத்தம் இரண்டு அங்குலத்தை ஒட்டிய தடிமனில் இருப்பது நல்லது; வாங்கப்போகும் இன்ஜினின் கிளாம்ப் எந்தத் தடிமன் வரை விரியும் என்பதையும் பார்த்து முடிவு செய்யவும். பின்பலகையிலிருந்து வள்ளத்தின் அடித்தளச் சட்டங்களுக்கு முக்கோண வடிவில் முட்டுகள் கொடுத்து, ஒவ்வோர் இன்ஜினுக்கும் நேர் உள்பக்கத்தில் ஒன்றாவது வரும்படி அமைக்க வேண்டும். இந்த முட்டுகள் இல்லாத பின்பலகை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், முறுக்கு முழுவதும் மூலைகளில்தான் போய் முடியும்.

எடையும் நீர்மட்டமும்

பழைய வள்ளத்தில் இதுவரை இருந்தது டூ-ஸ்ட்ரோக் 40 ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 75 கிலோ. அதற்குப் பதிலாக ஃபோர்-ஸ்ட்ரோக் 25 இரண்டு வைத்தால், ஒவ்வொன்றும் 60 கிலோவை ஒட்டி இருப்பதால், மொத்தம் 120 கிலோ. ஃபோர்-ஸ்ட்ரோக் 40 இரண்டு என்றால் 200 கிலோ. செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியின் எடை தனி. இவை அனைத்தும் வள்ளத்தின் ஆகக் கடைசி முனையில் விழுகின்றன. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் அமரத்தை அமிழ்த்தி அணியத்தை (முன்முனையை) தூக்கும்.

இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதைவிட, மணல் மூட்டையை வைத்துப் பார்த்துவிடலாம். துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில் வள்ளத்தை நிறுத்தி, அமரத்தில் நீர்மட்டம் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போடவும். பழைய இன்ஜின் இருக்கும் நிலையிலேயே, புதிய இரண்டுக்கும் பழையதற்கும் உள்ள எடை வித்தியாசத்தை மணல் மூட்டைகளாகப் பின்பலகையை ஒட்டி அடுக்கவும். வழக்கமாகப் பின்னால் நிற்கும் ஆட்களையும் நிற்க வைக்கவும். அரை மணி நேரம் அப்படியே விட்டு, தளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் துளைகளைப் பார்க்கவும். நான் பார்த்த ஒரு வள்ளத்தில் மூட்டைகளை ஏற்றிய சில நிமிடங்களில், வலப்பக்கத் துளை வழியாகத் தண்ணீர் மெல்லக் கொப்பளித்து உள்ளே வந்து, மிதித்து நிற்கும் தளத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தேங்கிவிட்டது. அந்த உரிமையாளர் 40 இரண்டு வாங்கத் தீர்மானித்திருந்தார். அன்றே 25 இரண்டு என்று மாற்றிக்கொண்டார். துளைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே, வலையும் ஐஸும் ஏற்றிய பிறகும் ஒரு கையகலமாவது இருக்க வேண்டும்.

எடையைச் சமன்செய்ய எரிபொருள் கேன்களை நடுப்பகுதிக்கு நகர்த்தலாம். 25 லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்று ஏறத்தாழ 18 கிலோ எடை தரும். பேட்டரியையும் முன்னால் கொண்டுபோகலாம், கேபிள் தடிமனைக் கூட்ட மறக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலும் அமரம் அமிழ்ந்தால் இன்ஜின் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

இடைவெளியும் ஷாஃப்ட் நீளமும்

இரண்டு இன்ஜின்களின் மையங்களுக்கு இடையே, இந்த அளவு இன்ஜின்களுக்கு 22 முதல் 26 அங்குலம் வரை விடுவது வழக்கம். சரியான குறைந்தபட்ச அளவு அந்தந்த இன்ஜினின் பொருத்துதல் கையேட்டில் இருக்கும். அதைவிட நெருக்கினால் ஒன்றைத் தூக்கிவிட்டு மற்றொன்றைத் திருப்பும்போது மேல்மூடிகள் இடிக்கும். மிகவும் விலக்கினாலும் தொல்லைதான்: வள்ளம் ஒரு பக்கம் உருளும்போது, மறுபக்கப் புரொப்பெல்லர் நீரை விட்டு மேலே வந்து காற்றை அள்ளி, சுழற்சி எகிறும். நம் வள்ளங்கள் குறுகலானவை என்பதால் குறைந்தபட்ச இடைவெளிக்குப் பக்கத்திலேயே நிற்பது நல்லது.

பலர் தவறவிடும் கணக்கு இதற்கு அடுத்து வருவது. ஒற்றை இன்ஜின் ஏராவுக்கு (அடியின் நடுவே ஓடும் முதுகெலும்புச் சட்டத்துக்கு) நேர் பின்னால், வள்ளத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில் நிற்கிறது. இரட்டை இன்ஜின்கள் ஏராவிலிருந்து விலகி நிற்கின்றன. அடிப்பகுதி வி வடிவில் இருந்தால் அந்த இடத்தில் வள்ளத்தின் அடி உயர்ந்திருக்கும். இடைவெளி 24 அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் ஏராவிலிருந்து 12 அங்குலம் தள்ளி இருக்கிறது. பின்பலகை அருகே அடியின் சரிவு 12 டிகிரி என்றால் அங்கே அடி இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்கும். 18 டிகிரி என்றால் ஏறத்தாழ நான்கு அங்குலம். பழைய ஒற்றை இன்ஜினின் ஷாஃப்ட் (இன்ஜின் காலின் நீளம்) அளவையே கேட்டு வாங்கினால், புதியவை தேவைக்கு மேல் ஆழமாக நின்று நீரை இழுக்கும். ஆகவே அளவெடுப்பது மையத்தில் அல்ல. இன்ஜின் உட்காரப்போகும் இரண்டு இடங்களிலும், பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து நேர் கீழே வள்ளத்தின் அடி வரை தனித்தனியாக அளக்க வேண்டும். ஷாஃப்ட் 15, 20, 25 அங்குலம் என்ற மூன்று அளவுகளில் வரும். அளவு இரண்டுக்கும் நடுவே விழுந்தால், பின்பலகையின் மேல் விளிம்பை வெட்டியோ உயர்த்தியோ சரிசெய்யலாம். வெட்டித் தாழ்த்துவதை மட்டும் நான் எளிதில் ஏற்க மாட்டேன், ஏனெனில் முகத்துவாரத்தில் பின்னாலிருந்து துரத்தும் அலை உள்ளே ஏறும் வழி அந்த வெட்டுதான்.

புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான கேவிட்டேஷன் பிளேட், அந்த இடத்தில் உள்ள வள்ளத்தின் அடியோடு சமமாகவோ, சுமை ஏற்றி மெதுவாகப் போகும் வள்ளமானால் ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும்.

எத்தனை குதிரைத்திறன், எந்த எரிபொருள்

ஓர் இன்ஜின் நின்றுபோனால் மிஞ்சிய ஒன்று வள்ளத்தை எவ்வளவு வேகத்தில் கொண்டுவரும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கவும். நீரை அள்ளித் தள்ளிக்கொண்டு போகும் வள்ளத்தின் இயல்பான உச்ச வேகம், நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) அளவு. நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் 6.7 நாட். ஒற்றை இன்ஜினில் ஐந்தரை நாட் கிடைத்தால் நல்ல கணக்கு. 20 கடல்மைல் வெளியிலிருந்து கரைக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வேகத்துக்கு 15 முதல் 25 குதிரைத்திறன் தாராளமாகப் போதும். எதிர்க்காற்றையும் அலையையும் சமாளிக்கத்தான் கொஞ்சம் கூடுதல் தேவை. எனவே 26 முதல் 30 அடி வரையுள்ள பழைய வள்ளத்துக்கு, பின்பலகை புதிதாகக் கட்டப்பட்டிருந்தால், 25 இரண்டு என்பதே என் பொதுவான தேர்வு. பின்பலகை பழையதாகவும் கெட்டியாகவும் இருந்தால் 9.9 அல்லது 15 இரண்டு. அதற்கு மேல் போக நினைப்பவர், இன்ஜினுக்கு முன்பாக வள்ளத்தை மாற்ற வேண்டும்.

இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், முடிந்தால் ஒரே ஆண்டு என்று இருக்கட்டும். ஒரே இம்பெல்லர், ஒரே ஸ்பார்க் பிளக், ஒரே புரொப்பெல்லர் இரண்டுக்கும் உதவும். கடலில் ஒன்று நின்றால் அதிலிருந்து கழற்றி மற்றதற்குப் போட முடியும். பழையதோடு ஒரு புதியதைச் சேர்ப்பது மலிவாகத் தெரியும், ஆனால் சுழற்சி ஒத்துப்போகாமல் வலுவானது மற்றதன் சுமையையும் சேர்த்து இழுக்கும்.

எடை குறைவு, பழுதுபார்ப்பு எளிது என்பவை டூ-ஸ்ட்ரோக்கின் பலம். எரிபொருள் கணிசமாகக் கூடுதலாகக் குடிக்கும். பொதுவாக ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆயிலையும் கலக்க வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.35 முதல் 0.4 லிட்டர் எடுக்கும். 25 இரண்டு முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 19 லிட்டரை ஒட்டி வரும். தினமும் நான்கைந்து மணி நேரம் ஓடுபவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்கின் கூடுதல் விலை எரிபொருளிலேயே திரும்பிவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்கள் இந்தக் கரையில் நீண்ட காலமாகப் பழக்கத்தில் உள்ளவை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை இன்ஜின் கிளம்ப மறுக்கும். இரண்டு இன்ஜின்கள் என்றால் இந்த மாற்றலை இரண்டு முறை செய்ய வேண்டும், அதுவும் சரியாக முகத்துவாரத்துக்கு முன்னால். மானிய மண்ணெண்ணெய் உங்கள் பதிவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே மண்ணெண்ணெய் இரட்டைக்குப் போகவும்.

பெட்ரோல் பக்கம் வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. 2025 முதல் நாடு முழுவதும் பெட்ரோல் நிலையங்களில் வழக்கமாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்தான். அவுட்போர்டு இன்ஜின் கையேடுகள் பலவும் 10 சதவீதத்தையே வரம்பாகச் சொல்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களையும், பைபரில் கட்டிய பழைய டேங்குகளையும் இளக்கிவிடும். எனவே வாங்கப்போகும் மாடல் எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கவும். பழைய குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றவும். வள்ளம் ஓடாத காலத்தில் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்க வேண்டாம்.

ஒரே டேங்கிலிருந்து ஒரே குழாயில் இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருள் கொடுத்திருக்கும் வள்ளங்களைப் பார்க்கும்போது, அந்த உரிமையாளர் இரண்டு இன்ஜின்களின் விலையைக் கொடுத்து ஓர் இன்ஜினின் பாதுகாப்பை வாங்கியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. கடலில் இன்ஜின் நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் எரிபொருளில் தண்ணீரோ அழுக்கோ சேர்வது. டேங்க் ஒன்றானால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். தனி டேங்க், தனிக் குழாய், தனிப் பம்ப் குமிழ், தண்ணீரைப் பிரிக்கும் தனி ஃபில்டர் என்று ஒவ்வோர் இன்ஜினுக்கும் வைக்கவும். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியும் இரண்டு. கயிறு இழுத்துக் கிளப்பும் வசதியும் கூடவே உள்ள மாடலைத் தேடவும்.

புரொப்பெல்லர்

இன்ஜினோடு பெட்டியில் வரும் புரொப்பெல்லர், இலகுவான வேகப் படகை நினைத்துக் கொடுக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். வலையும் ஐஸும் ஆட்களும் ஏற்றிய வள்ளத்துக்கு விட்டம் பெரியதும் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) குறைந்ததுமான புரொப்பெல்லர் வேண்டும். முழுச் சுமையோடு, இரண்டு இன்ஜின்களுக்கும் முழு வாயு (த்ராட்டில்) கொடுத்து, சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்க்கவும். கையேடு நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுழற்சி என்று சொன்னால், நீங்கள் பார்ப்பது 5500க்கு மேல் இருக்க வேண்டும். 4800இல் நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுழற்சி 150 முதல் 200 வரை ஏறும். குறைந்த சுழற்சியில் திணறித் திணறி ஓடும் இன்ஜின், வேகமாக ஓடும் இன்ஜினைவிடச் சீக்கிரம் கெடும்.

நழுவலையும் (புரொப்பெல்லர் தள்ள வேண்டிய வேகத்தைவிட வள்ளத்தின் உண்மை வேகம் எவ்வளவு குறைவு என்பதை) கணக்கிடலாம். சுழற்சியைக் கியர் விகிதத்தால் வகுத்து, அங்குலத்தில் உள்ள பிட்ச்சால் பெருக்கி, 1215 ஆல் வகுத்தால், நழுவலே இல்லாவிட்டால் வரவேண்டிய வேகம் நாட்டில் கிடைக்கும். 5500 சுழற்சி, 2.08 கியர் விகிதம், 8 அங்குலப் பிட்ச் என்றால் 17.4 நாட். ஜி.பி.எஸ். 12 நாட் காட்டினால் நழுவல் ஏறத்தாழ 31 சதவீதம். சுமை ஏற்றிய வள்ளத்துக்கு இது ஏற்கத்தக்கது. நாற்பதைத் தாண்டினால், புரொப்பெல்லர் சிறியது அல்லது காற்றை அள்ளுகிறது என்று பொருள். இந்த அளவு இன்ஜின்களில் எதிரெதிர்த் திசையில் சுழலும் ஜோடி பொதுவாகக் கிடைப்பதில்லை. இரண்டும் ஒரே பக்கம் சுழல்வதால் வள்ளம் ஒரு பக்கம் இழுக்கும், அதைக் கேவிட்டேஷன் பிளேட்டுக்குக் கீழே உள்ள சிறிய தகட்டை (டிரிம் டேப்) திருப்பிச் சரிசெய்யலாம்.

பழைய இன்ஜின் வாங்கினால்

எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (அழுத்தம்) அளந்து, அவற்றுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று பார்க்கவும். கியர் பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, வரும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. குளிரூட்டும் நீர் வெளியேறும் சிறு துளையில் நீர் விட்டு விட்டு வந்தால் இம்பெல்லரோ உள்வழியோ கெட்டிருக்கிறது. அரிப்பைத் தன் மீது ஏற்கும் துத்தநாக ஆனோடின் மீது பெயின்ட் அடித்திருந்தால், பராமரித்தவரின் அறிவு அவ்வளவுதான். வரிசை எண் தகட்டைச் சுரண்டிய இன்ஜினை எந்த விலைக்கும் தொட வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், உங்கள் வள்ளத்தின் பதிவில் எந்தக் குதிரைத்திறன் வரை ஏற்பார்கள், மானியம் எந்த அளவு இன்ஜினுக்குப் பொருந்தும், எரிபொருள் ஒதுக்கீடு மாறுமா என்று கேட்டுக்கொள்ளவும். இன்ஜின் எண்கள் இரண்டும் பதிவில் ஏறியிருந்தால்தான் பின்னர் காப்பீட்டுக்கும் மானியத்துக்கும் அலைச்சல் இருக்காது.

பொருத்திய பிறகு

துளைகளை போல்ட்டின் அளவுக்கு நேராகப் போடுவதைவிட, பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் துளைப்பதே பழைய வள்ளத்துக்கு ஏற்றது. அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது, தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள், உள்பக்கம் அகலமான தகடு, கடல் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் ஆகியவை அவசியம். கிளாம்ப் திருகுகளை மட்டும் நம்பி 25 குதிரைத்திறன் இன்ஜினைத் தொங்கவிடக் கூடாது. கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடவும்.

ஒத்திகை ஓட்டத்தை வெறும் வள்ளத்தில் செய்தால் பயனில்லை. வலை, ஐஸ், ஆட்கள் ஆகியவற்றுக்கு ஈடாகக் கேன்களில் தண்ணீர் நிரப்பி ஏற்றிக்கொண்டு, அமைதியான நாளில் துறைமுகத்துக்கு வெளியே போகவும். முதலில் இரண்டு இன்ஜின்களிலும் முழு வேகம் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். பிறகு இடப்பக்க இன்ஜினை நிறுத்தி, நீருக்கு மேலே தூக்கிவிட்டு, வலப்பக்கத்தில் மட்டும் கால் மணி நேரம் ஓட்டவும். தூக்காமல் விட்டால் நின்ற புரொப்பெல்லர் நங்கூரம்போல் இழுக்கும். இரண்டுக்கும் ஏற்ற பிட்ச் ஒன்றுக்கு அதிகம் என்பதால், இந்நிலையில் முழு வாயு கொடுத்தாலும் சுழற்சி ஏறாது, வேகமும் கூடாது. இன்ஜின் சூடாவதுதான் மிச்சம். ஐந்து, ஐந்தரை நாட் வந்தவுடன் வாயுவை அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தைக் கைப்பிடியில் பெயின்டால் குறித்து வைக்கவும். அதே சோதனையை மறுபக்கத்துக்கும் செய்யவும். ஒற்றை இன்ஜினில் வள்ளம் எந்தப் பக்கம் எளிதாகத் திரும்புகிறது, எந்தப் பக்கம் திரும்ப மறுக்கிறது என்பதை ஓட்டுபவர்கள் எல்லோரும் தங்கள் கையாலேயே ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிபொருள் குறைந்தது என்பதையும் இரண்டு நிலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ளவும். போக மூன்றில் ஒரு பங்கு, வர மூன்றில் ஒரு பங்கு, கையிருப்பாக மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை அந்த அளவுகளை வைத்தே போடவும்.

முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வள்ளத்தைக் கரையேற்றி, மேல் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவும். ஏதாவது ஒரு போல்ட் அரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால், அதன் கீழே பலகை நசுங்குகிறது. அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் மீண்டும் கடலில் இறக்க வேண்டாம்.